ஒரு முழமா, நாலு விரற்கடையா

என் வாய் நீளம். ஊரே சொன்ன சேதி அது, நான் மறைப்பானேன்? இப்போது பல்லெல்லாம் போய்விட்டது, நீளம் மட்டும் குறையவில்லை. இந்த வாயை வைத்துக்கொண்டு பதினெட்டு வயதில் ஒரு காரியம் செய்தேன். அதை வெளியே சொல்லிவிட்டால் நெஞ்சு கொஞ்சம் லேசாகும் என்று எண்ணித்தான் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். லேசாகாது என்றும் தெரியும்.

நானும் என் தம்பியும் இரட்டைப் பிள்ளைகள். நான் ஒரு நாழிகை முந்திக்கொண்டேன், அதனால் அக்கா. பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்கார வெள்ளையர் கொடி பறந்த காலம் அது. கோட்டைக்கு வடக்கே, தோணிரேவைத் தாண்டி, ஏரிக்கரையில் எங்கள் குப்பம். கோட்டைக்காரர்களுக்கு மீன் கொண்டுபோய்க் கொடுப்பதைத் தவிர எங்களுக்கும் அவர்களுக்கும் பேச்சில்லை. அவர்களுடைய கப்பல் கடலில் தள்ளி நிற்கும். சலங்கு என்கிற பெரிய படகில்தான் சரக்கும் ஆளும் அலையைத் தாண்டிக் கப்பலுக்குப் போகும். அதையெல்லாம் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. எங்களுக்கு ஏரி போதுமாக இருந்தது.

எங்களுக்குப் பதினோரு வயதாகும்போது நைனா குளிர்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அம்மா சேறு தடவி எங்களை வளர்த்தாள். கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு, ஓலையில் முடைந்த பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, அடிச்சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிற வேலை. பிடித்ததைக் காட்டூருக்குத் தூக்கிக்கொண்டு போய் நெல்லுக்கு மாற்றி வருவாள். அந்த வயதிலிருந்தே நானும் கூடவே இறங்கினேன். என் விரல் நுனிகள் இன்றைக்கும் வெளுத்துத்தான் கிடக்கின்றன.

எங்கள் ஏரியில் கண்ட இடத்தில் கண்டவன் வலை போட முடியாது. முகத்துவாரத்திலிருந்து உள்ளே போகப் போக, நீரோட்டம் பார்த்து, பதினாறு இடங்களைப் பெரியவர்கள் பிரித்து வைத்திருந்தார்கள். ஒவ்வோர் இடமும் ஒரு பாடு. இன்றைக்கு இந்தப் பாட்டில் இன்னார் வலை, நாளைக்கு இன்னார் என்று முறை சுற்றி வரும். பாட்டில் பேர் இருக்கிற வீட்டில் அடுப்பு எரியும். பேர் இல்லாதவன் அடுத்தவன் தோணியில் கூலிக்குப் போகலாம், இல்லாவிட்டால் பெண்களோடு சேறு தடவலாம். பேர் ஆண்களுக்கு மட்டுந்தான். நைனா செத்தபோது அவருடைய பேரை எடுத்துவிடாமல் தம்பிக்காக நிறுத்தி வைத்தார்கள். பதினெட்டு வயது முடிந்ததும் அவன் அம்மன் கோயில் முன்னால் ஊர்க்கூட்டத்தில் நிற்க வேண்டும். பதினாறு பாட்டையும் முகத்துவாரத்திலிருந்து வரிசையாக, எந்தெந்தப் பாட்டில் நீர் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதோடு சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் பேர் ஏறும். தப்பினால் பேர் ஊருக்குப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. எங்கள் மூன்று பேருக்கும் இருந்த ஒரே பிடிமானம் அதுதான்.

இரட்டையில் ஒன்று ஆண், ஒன்று பெண் என்றால் ஊருக்குக் கொண்டாட்டம். ஒரே வயிறு, ஒரே நாள், ஒரே பானைக் கூழ். ஆணுக்கும் பெண்ணுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்க்க இதைவிட வேறென்ன வேண்டும்? சாயங்காலத்தில் ஆண்கள் கூடி உட்கார்ந்து வலைக் கிழிசல் பார்க்கிற இடத்தில் எங்கள் இருவரையும் நிறுத்தி வைத்துவிடுவார்கள். ஈர வலையை யார் அதிக தூரம் தூக்கிப் போகிறார்கள், தண்ணீருக்குள் யார் அதிக நேரம் மூச்சடக்குகிறார்கள், பத்துப் பொருளைக் காட்டி மூடிவிட்டால் யார் எத்தனை சொல்கிறார்கள் என்று தினம் ஒரு பந்தயம். எங்களுக்கு வறுத்த மீன்முட்டை கிடைக்கும், அவர்களுக்குப் பேச்சு கிடைக்கும்.

இதில் இரண்டு கட்சி. ஒன்று ஊர் நாட்டாருடையது. ஊருக்குத் தலைவர் அவர். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டால் மாற்ற மாட்டார். "ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரு முழம் வித்தியாசம். ஒடம்புலயும் ஒரு முழம், புத்திலயும் ஒரு முழம்" என்பார். இன்னொரு கட்சி என் தாய்மாமன். மாமாவுக்கு நாட்டாரைச் சீண்டாமல் சோறு இறங்காது. "ஒடம்புல வேணா ஒரு சாண் வெச்சிக்க. புத்தில நாலு வெரக்கடைதான். அதுவும் எந்தப் பக்கம் நீளம்னு யாருக்குத் தெரியும்?" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நாட்டார் தன் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் தொட்டுக் காட்டி "இந்தா, இவ்ளோ" என்பார். மாமா நாலு விரலை ஒட்டி நீட்டுவார். மறுநாளும் அதே பேச்சுத்தான்.

பன்னிரண்டு பதின்மூன்று வயது வரைக்கும் எல்லாவற்றிலும் நான்தான் ஜெயித்தேன். வலையை நான்தான் அதிக தூரம் தூக்கினேன். குளிர்ந்த தண்ணீரில் நான் நின்ற அளவுக்கு அவனால் நிற்க முடியாது, உதடு நீலமாகி எழுந்து ஓடுவான். பதினைந்தில் கதை மாறியது. ஒரே மழைக்காலத்தில் அவனுடைய தோள் விரிந்தது, கை நீண்டது. நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். தோணி நங்கூரத்துக்குக் கட்டுகிற கல்லை அவன் ஒரு கையால் தூக்கி உள்ளே வைத்தான். நான் இரண்டு கையாலும் முக்கி முழங்கால் வரைக்கும் கொண்டுவந்து போட்டுவிட்டேன். இதை மறுத்துப் பேச நான் பொய்க்காரி அல்ல. அன்றைக்கு வீட்டுக்குப் போய் அழுதேன். அப்போதிலிருந்து எனக்கு ஒரு வெறி, உடம்பில் விட்டதைப் புத்தியில் பிடிக்க வேண்டும் என்று.

புத்தியில் அவனை ஜெயிப்பது எனக்குச் சுலபம். தம்பிக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைக் கேட்டாலும் உடனே சொல்ல மாட்டான். வாயைத் திறப்பான், மூச்சை உள்ளே இழுப்பான், பார்வை எங்கோ தூரமாகப் போகும், அதற்குப் பிறகுதான் பேச்சு வரும். அந்த இடைவெளியில் நான் சொல்லி முடித்துவிடுவேன். கேட்டவருக்குப் பதில் கிடைத்துவிடும், அவன் திறந்த வாயை மூடிக்கொள்வான். கொஞ்ச நாளில் ஊரில் யாரும் அவனை நேராகக் கேட்பதே இல்லை. அவனுக்குப் பசிக்கிறதா என்பதைக்கூட என்னைத்தான் கேட்டார்கள்.

ஒரே ஒரு முறை கேட்டான். இருவரும் தோணியில் வந்துகொண்டிருந்தோம். கோலை ஊன்றியபடி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "எல்லாத்தையும் நீயே சொல்லிட்டா, அப்புறம் நான் சொல்றதுக்கு இன்னாக்கா கீது?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. நான் சிரித்தேன். "நீ சொல்றதுக்குள்ள கெழவி ஆயிடுவேன்டா" என்றேன். அவனும் சிரித்தான். அவன் சிரித்ததால் அது அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பதினாறு பாடும் எனக்குத் தலைகீழாகத் தெரியும். நைனா உயிரோடு இருந்தபோது தம்பியை மடியில் வைத்துச் சொல்லிக் கொடுப்பார், பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த எனக்கு அது பாட்டுப் போலப் படிந்துவிட்டது. ஆழிவாய்ப்பாடு, சங்குமண்பாடு, ஊசிக்கழிப்பாடு என்று ஒரே மூச்சில் சொல்லுவேன். மாமா என்னைச் சொல்லச் சொல்லி நாட்டார் முகத்தைப் பார்ப்பார். நாட்டார், "கிளிகூடத்தான் சொல்லுது" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த நாளும் வந்தது. தை மாதம், பொழுது ஏறி வெயில் காய்கிற வேளை. அம்மன் கோயில் முன்னால் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் பெண்கள் வேப்பமரத்தடியில் ஒதுங்கி நின்றோம். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தம்பி குளித்து, நைனாவின் பழைய வேட்டியைக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றான். இருந்தவர்களில் அவன்தான் உயரம். நாட்டார், "சொல்லுப்பா" என்றார்.

சொன்னான். நிதானமாக, ஒவ்வொன்றாக. ஆழிவாய்ப்பாடு, நீர் தெற்கே இழுக்கும். சங்குமண்பாடு, கடல் ஏற்றத்தில் உள்ளே இழுக்கும், வற்றத்தில் வெளியே தள்ளும். இரண்டு பாட்டுக்கு நடுவே ஒரு மூச்சு விட்டான். நாட்டார் விரல் மடக்கி எண்ணிக்கொண்டே வந்தார். ஒன்பதாவது வரைக்கும் ஒரு பிசகு இல்லை. எனக்குள்ளே நானும் கூடவே சொல்லிக்கொண்டு வந்தேன், ஒவ்வொரு தடவையும் அவனுக்கு முன்னால் முடித்துவிட்டு அவனுக்காக நின்றேன்.

ஒன்பதாவது பாட்டைச் சொன்னதும் நின்றுவிட்டான். வாய் திறந்திருந்தது. மூச்சை இழுத்தான். பார்வை கூட்டத்தைத் தாண்டி ஏரிப் பக்கம் போனது. வழக்கமாக நிற்பதைவிடக் கொஞ்சம் அதிகம் நின்றான். யாரோ இருமினார்கள். ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ சொன்னார், அவர் சிரித்தார். நாட்டாருடைய விரல் ஒன்பதிலேயே நின்றது. மாமா திரும்பி என்னைப் பார்த்தார், புருவத்தைத் தூக்கினார். அம்மா என் கையை இறுக்கினாள். சும்மா இரு என்று சொல்லத்தான் இறுக்கினாள் என்று பிறகு தெரிந்தது. அப்போது பயத்தில் இறுக்குகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

"குருவித்திட்டுப்பாடு" என்றேன்.

அதோடு நிறுத்தினேனா? இல்லை. பதினொன்று, பன்னிரண்டு என்று பதினாறு வரைக்கும் நீர் இழுக்கிற பக்கத்தோடு கொட்டித் தீர்த்தேன். பேர் போய்விடக் கூடாது என்கிற பயம் ஒரு பங்கு இருந்தது, அது நிஜம். நாட்டாருக்குக் காட்ட வேண்டும் என்பது இரண்டு பங்கு இருந்தது, அதுவும் நிஜம்.

பெண்பிள்ளை கூட்டத்தில் வாய் திறந்ததற்கு நாட்டார் கோபிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "சரிப்பா, பேரை ஏத்து. மீசை தம்பிகிட்ட கீது, புத்தி அக்காகிட்ட கீது. ரெண்டும் சேந்தா ஒரு ஆளு" என்றார். கூட்டம் முழுக்கச் சிரித்தது. மாமா எழுந்தே நின்றுவிட்டார். "நாலு வெரக்கடைன்னேனே, எந்தப் பக்கம் நீளம்னு இப்போ தெரிஞ்சுதா?" என்று நாலு விரலை எல்லார் முகத்துக்கும் நேரே ஆட்டிக் காட்டினார். நானும் சிரித்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. பேரும் கிடைத்துவிட்டது, பந்தயத்திலும் ஜெயித்துவிட்டேன்.

தம்பி வாய் திறந்தபடியேதான் நின்றான். கொஞ்ச நேரம் கழித்து மூடிக்கொண்டான். பூசாரி நீட்டிய திருநீற்றைக் குனிந்து வாங்கிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும், "பேர் வாங்கிக் குடுத்துக்கீறேன், ஒரு வார்த்தை நல்லதா சொல்ல மாட்டியா?" என்று அவனிடம் கேட்டேன். அவன் என்னைப் பார்த்து வாயைத் திறந்தான். அதற்குள் வாசலில் பக்கத்து வீட்டுக்காரி என்னைக் கூப்பிட்டாள், கூட்டத்தில் நடந்ததை என் வாயால் கேட்க வேண்டுமாம். "சரி சரி, தெரியும் போ" என்று அவனிடம் சொல்லிவிட்டு ஓடினேன். அம்மா அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

அவனுடைய முதல் முறை ஐந்தாம் நாள் வந்தது. ஊசிக்கழிப்பாட்டில் வலை. அடுத்த தோணிகளில் இருந்தவர்கள், "டேய், அக்காவைக் கேட்டுக்கினு போடுடா", "அக்கா வரலியா, அப்போ பாதி ஆளுதான் வந்துக்கீது" என்றெல்லாம் கத்தினார்களாம். கெட்ட எண்ணத்தில் இல்லை, எங்கள் பக்கத்துப் பேச்சே அப்படித்தான், ஒருவனைப் பிடித்துக்கொண்டால் மழைக்காலம் வரைக்கும் விடமாட்டார்கள். அவன் நல்ல மீன்பாட்டோடுதான் வந்தான். பறி நிறைய இறால், நாலு பெரிய கொடுவா மீன். அம்மா காலடியில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனான். ஒன்பதாம் நாள் காலையில் அவன் பாய் சுருட்டி வைத்திருந்தது, அவனைக் காணவில்லை.

பொன்னேரிச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருப்பான் என்றார்கள். ஆள் அனுப்பினோம், இல்லை. மூன்றாம் நாள், கோட்டைப் பக்கம் மீன் விற்கிற பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னாள். கப்பலுக்கு ஆள் எடுத்தார்களாம், வரிசையில் அவன் நின்றிருந்தானாம். கையை அமுக்கிப் பார்த்தார்கள், பல்லைப் பார்த்தார்கள், முதுகில் தட்டி ஒரு பக்கமாகப் போகச் சொன்னார்கள் என்றாள். "ஒண்ணுமே கேக்கலைம்மா அவனை. ஒடம்பைப் பாத்தாங்க, போதும்னுட்டாங்க" என்றாள். கடலுக்கு அப்பால் உலாந்தாக்காரர் ஊரான பத்தாவிக்குப் போகிற கப்பல், காற்று திரும்பியதும் போய்விட்டது.

அம்மா அழவில்லை. எரியாத அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமலே பேசினாள். "ஒம்போதாவது பாடு தாண்டுனா ஏரி வடக்கால திரும்புதாம். அங்க நின்னு, மனசுலயே தோணியைத் திருப்பிக்கினு, அப்புறம்தான் பத்தாவதைச் சொல்லுவான். என்கிட்ட நாலு தபா சொல்லிக் காட்னான். நாலு தபாவும் அங்கதான் நின்னான். நாலு தபாவும் சொல்லி முடிச்சான்."

"முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?" என்றேன்.

"யார்கிட்ட? உன்கிட்ட யார் பேசி முடிக்கிறது?" என்றாள்.

மறுநாள் நைனாவின் தோணியை எடுத்துக்கொண்டு நானே கோல் ஊன்றிப் போனேன். அதுவரைக்கும் நான் மூன்றாவது பாட்டைத் தாண்டியதில்லை, கரையோரச் சேற்றோடு என் ஏரி முடிந்துவிடும். தோள் இரண்டும் கழன்று விழுகிற மாதிரி வலித்தது. ஒன்பதாவது பாட்டைத் தாண்டியதும் தண்ணீர் நிறம் மாறியது. எதிரே இருந்த கரை பக்கவாட்டுக்குப் போய்விட்டது, வெயில் முகத்திலிருந்து கன்னத்துக்கு வந்தது. அம்மா சொன்னது சரிதான். திரும்பாமல் பத்தாவது பாட்டுக்குப் போக முடியாது. எனக்குப் பேர்கள் தெரியும், அவனுக்கு ஏரி தெரியும். ஏழு வயதிலிருந்து ஊர் கூடி எங்கள் புத்தியை அளந்தது, நானும் சேர்ந்து அளந்தேன். அளந்ததெல்லாம் என் அவசரத்தைத்தான் என்று அங்கே உட்கார்ந்துகொண்டு புரிந்தது. ஐயோ என்று வாய்விட்டு அழுதேன். கேட்க யாருமில்லை.

தன் முறைக்கு வலை போட வராமல் மூன்று தடவை தவறினால் பேர் போய்விடும் என்பது வழக்கம். அதற்குள் இரண்டு தவறிவிட்டது. நான் ஊர்க்கூட்டத்துக்குப் போனேன். தம்பி திரும்பி வருகிற வரைக்கும் அந்த முறையில் நானே வலை போடுகிறேன் என்று கேட்டேன். கெஞ்சித்தான் கேட்டேன், அன்றைக்கு வாயில் நீளமெல்லாம் இல்லை.

பழைய பேச்சு திரும்ப ஆரம்பித்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பொம்பளைக் கை வற்றத்து இழுப்பில் வலையைத் தூக்காது என்றார் ஒருவர். ஒன்பதாவது பாடு தாண்டித் தனியாகப் போய் வந்தேன் என்றேன். போனாய், வலையோடு வந்தாயா என்றார். மாதத்தில் மூன்று நாள் என்ன செய்வாய் என்றார் ஒருவர். அந்த மூன்று நாளும் கழுத்தளவு தண்ணீரில்தான் நிற்கிறோம், உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள் என்றேன். கட்டிக்கொடுத்தால் வேறு ஊர் போய்விடுவாய், பிள்ளை வந்தால் படுத்துவிடுவாய், அந்த முறை யாருக்கு என்றார்கள். புத்தி அக்காவிடம் இருக்கிறது என்று இதே இடத்தில் நீங்கள்தானே சொன்னீர்கள் என்று நாட்டாரைக் கேட்டேன். அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். "அது சொன்னேன்மா. இல்லைன்னு சொல்லலை. ஆனா ஒரு முழம் ஒரு முழந்தான்" என்றார்.

மாமாவைப் பார்த்தேன். இத்தனை வருஷம் எனக்காகப் பேசிய மனிதர். மடியிலிருந்த புகையிலையை எடுத்துக் கிள்ளிக்கொண்டிருந்தார். மாமா என்று கூப்பிட்டேன். "பேச்சு வேற, பாடு வேற, கண்ணு" என்றார். "இன்னிக்கு உனக்கு வுட்டா நாளைக்கு ஒவ்வொரு ஊட்லருந்தும் ஒருத்தி வந்து நிப்பா. இருக்கற பாடு பதினாறுதான்." அவருக்கு இரண்டு மகன்கள், இருவரும் முறைக்குக் காத்திருந்தார்கள். அவரைத் திட்டினேன். என் வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன், அம்மா வந்து இழுத்துக்கொண்டு போனாள். வழியெல்லாம் எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே வந்தது. மாமா எங்களை வைத்து விளையாடினார், சரி. அந்த விளையாட்டில் ஜெயிக்க என் தம்பியைத் தோற்கடித்தது யார்?

பேர் போனது. நானும் அம்மாவும் முழுநேரமும் சேற்றில் இறங்கினோம். வலைக் கிழிசல் பார்க்கிற இடத்தில் ஒரு முழமா, நாலு விரற்கடையா என்ற பேச்சு பிறகு கேட்கவில்லை. அளப்பதற்கு நாங்கள் இருவராக இல்லை.

அதற்கு அடுத்த வருஷம், முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம், கடலோரக் குப்பங்களுக்குக் கருவாடு வாங்கப் போகிற வேலையும் பார்த்தேன். சலங்கு தள்ளுகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். பார்க்கிற ஆளையெல்லாம் கேட்பேன். போன தை மாதம் ஏரிக்காரப் பையன் ஒருவனைக் கப்பலில் ஏற்றினீர்களா, உயரமாக இருப்பான், அதிகம் பேச மாட்டான் என்று. எத்தனையோ பேரை ஏற்றுகிறோம், யாரை நினைவு வைப்பது என்பார்கள். கடைசியில் ஒருவர் நினைவு வைத்திருந்தார். நடுவயதுக்காரர், ஒரு கண்ணில் பூ விழுந்தவர். துடுப்பைக் கரையில் சாய்த்துவிட்டு மணலில் உட்கார்ந்தார்.

"ஆமாம்மா, என் சலங்குலதான் வந்தான். மத்தவன்லாம் அழுதுக்கினு வாந்தி எடுத்துக்கினு இருந்தான், இவன் கரையைப் பாத்துக்கினே வந்தான். பாவமா இருந்துச்சி. ஊட்ல யார்னா கீறாங்களான்னு கேட்டேன். தலையாட்னான். எதுனா சேதி சொல்லணுமா, நான் சொல்லி அனுப்பறேன்னேன். 'அக்கா'ன்னான்."

"அப்புறம்?"

"அப்புறம் வாயைத் தொறந்தான், மூச்சை இழுத்தான். இன்னாவோ சொல்லப் போறான்னு நானும் பாத்துக்கினேதான் இருந்தேன். அதுக்குள்ள கப்பல்கிட்ட போய்ட்டோம். மேலருந்து கயித்தேணியைப் போட்டு ஏறு ஏறுன்னு கத்தறானுங்க. ஏறிட்டான்."

"நீங்க கொஞ்சம் நின்னிருக்கலாமே."

"அலை தூக்கித் தூக்கிப் போடுதும்மா. எப்பிடி நிக்கிறது?" என்றார். அவர் முகத்தில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

அவரைக் கோபிக்க எனக்கு என்ன யோக்கியதை? ஏணி வருகிற வரைக்குமாவது அவர் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். கருவாட்டுக் கூடையை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தேன், அவர்தான் கூப்பிட்டுக் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துவிட்டார். தம்பி திரும்பி வரவில்லை. பத்தாவி போய் வந்தவர்கள் யாரும் அவனைப் பார்த்ததாகச் சொல்லவில்லை. அக்கா என்று சொல்லிவிட்டு அவன் என்ன சொல்ல மூச்சை இழுத்தான் என்று எனக்குத் தெரியாது. திட்டத்தானா, போய் வருகிறேன் என்று சொல்லத்தானா, அம்மாவைப் பார்த்துக்கொள் என்று சொல்லத்தானா? இத்தனை வருஷமாக அந்த இடத்தில் நானே எத்தனையோ வார்த்தைகளைப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒன்றுகூட அவனுடையது இல்லை.